வாளும் நாணயமும்

கோட்டைச் சுவர்களைத் தகர்ப்பதற்கென்று முற்காலத்தில் பயன்பட்ட கல்லெறி பொறிக்கு அரபு மொழியில் 'மஞ்சனீக்' என்று பெயர். கல்லை வீசவேண்டிய அந்தப் பொறி காசை வீசிய காட்சியைத் தில்லி வரலாற்றில் இரண்டு இடங்களில் நாம் காண்கிறோம்.

முதலாவது, கி.பி. 1296இல் நிகழ்ந்தது. தேவகிரியின் செல்வத்தை வாரிக்கொண்டு திரும்பிய அலாவுத்தீன் கில்ஜி, தம் தந்தையின் உடன்பிறந்தவரும் தமக்கு மாமனாருமான சுல்தான் ஜலாலுத்தீனைக் கங்கைக் கரையில் கொல்வித்துவிட்டுத் தில்லியை நோக்கிப் புறப்பட்டார். வழியில் தங்கிய ஒவ்வோரிடத்திலும் சிறிய மஞ்சனீக் ஒன்றை நிறுவி, நாள்தோறும் ஐந்து மணங்குப் பொற்காசுகளைக் கூட்டத்தின் மீது வீசச் செய்தார் என்று வரலாற்றாசிரியர் ஜியாவுத்தீன் பரனீ எழுதுகிறார். இரண்டாவது காட்சியை எழுதியவர் பயணப் பேரறிஞர் இப்னு பதூதா. சுல்தான் முஹம்மது பின் துக்ளக் தலைநகருக்குள் நுழையும்போது யானைகளின் முதுகில் சிறு பொறிகளை ஏற்றி, வெள்ளிக்காசும் பொற்காசுமாகக் கலந்து மக்கள்மீது எறிந்தனராம்.

இப்னு பதூதா தாயகம் திரும்பி மொராக்கோவின் அரசவையில் இச்செய்தியைச் சொன்னபோது நம்புவார் இல்லை. அவரைப் பொய்யர் என்றே பலரும் காதோடு காது பேசிக்கொண்டார்கள். அங்கிருந்த இளைஞர் இப்னு கல்தூனுக்கும் அதே ஐயம் எழுந்தது. அமைச்சர் பாரிஸ் இப்னு வத்ராரிடம் அதை வெளியிட்டார். தான் காணாததாலேயே ஒன்றைப் பொய்யென்று தள்ளிவிடலாகாது என்று அமைச்சர் அவருக்கு அறிவுரை கூறினாராம். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற தம் 'முகத்திமா'வில் இந்நிகழ்ச்சியை இப்னு கல்தூன் மறவாது குறித்திருக்கிறார்.

கதை சுவையானது. ஆயினும் சுவைக்காக மட்டும் இதை ஈண்டு எடுத்துக் கூறவில்லை. படைக்கருவியின் வாயிலிருந்து காசு பறக்கும் இக்காட்சி, அரசு என்பதன் உள்ளமைப்பைக் கண்முன் நிறுத்துகிறது. படை பொன்னைக் கொண்டுவருகிறது. பொன் படையைக் கொண்டுவருகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே அரியணை நிற்கிறது. அப்படியானால் அரசனின் முத்திரை பதித்த ஓர் உலோகத் துண்டை உழவனும் வணிகனும் ஏன் கை நீட்டி வாங்குகிறார்கள்? வாளுக்கு அஞ்சியா? அரசனின் சொல்லை நம்பியா? இக்கேள்விக்குத் தில்லியின் இரு சுல்தான்களும் நம் மதுரையின் ஒரு சுல்தானும் தங்கள் வாழ்வாலேயே விடை எழுதிச் சென்றிருக்கிறார்கள்.

குத்பாவும் சிக்காவும்

ஓர் அரசன் அரசன்தான் என்பதற்கு முஸ்லிம் நாடுகளில் இரண்டு அடையாளங்கள் கொள்ளப்பட்டன. ஒன்று, வெள்ளிக்கிழமை ஜும்ஆவின் குத்பாவில் அவன் பெயர் ஓதப்படுவது. மற்றொன்று 'சிக்கா', அதாவது காசில் அவன் பெயர் பொறிக்கப்படுவது. பள்ளிவாசலின் மேடையும் கடைவீதியின் பணப்பையும் ஒரே பெயரைச் சொன்னால் அவன் அரசன். இரண்டிலும் பெயர் மாறினால் ஆட்சி மாறிவிட்டது என்று பொருள்.

இஸ்லாமிய அரசு தொடக்கத்திலேயே தனக்கெனத் தனிக்காசு அடித்துவிடவில்லை. பைஸாந்திய மன்னரின் உருவம் தாங்கிய பொற்காசும், ஈரானியரின் தீக்குண்டம் பொறித்த வெள்ளிக்காசுமே நெடுங்காலம் புழங்கின. உருவங்களை நீக்கி எழுத்து மட்டுமே பொறித்த தீனாரை ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696-697) வெளியிட்டவர் உமையாக் கலீபா அப்துல் மலிக் இப்னு மர்வான். அதன் எடை ஏறத்தாழ 4.25 கிராம். ஹிஜ்ரி 79இல் வெள்ளித் திர்ஹமும் அவ்வாறே மாற்றப்பட்டது.

இவ்வாண்டுகளுக்குச் சற்று முன்னர் நடந்ததையும் நோக்கவேண்டும். ஹிஜ்ரி 73இல்தான் (692) அப்துல் மலிக்கின் தளபதி ஹஜ்ஜாஜ், மக்கமா நகரை மஞ்சனீக்குகளால் தாக்கி, அங்கே கலீபாவாக விளங்கிய அப்துல்லாஹ் இப்னு ஸுபைரை வீழ்த்தினார். முஸ்லிம்களின் நெஞ்சில் இன்றளவும் ஆறாத புண் அது. உள்நாட்டுப் போர் முடிந்து, ஒரே வாள் எஞ்சிய பிறகே ஒரே காசு பிறந்தது. நாணயச் சீர்திருத்தத்தைப் புகழும் ஏடுகள் இந்த வரிசையைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

ஆயினும் அந்தத் தீனார் நூற்றாண்டுகள் கடந்து மதிக்கப்பட்டதற்கு ஹஜ்ஜாஜின் வாள் காரணமன்று. 4.25 கிராம் என்றால் 4.25 கிராமாகவே அது இருந்ததுதான் காரணம். வாள் அதைப் பிறப்பித்தது. எடை அதை வாழவைத்தது.

234 தங்கா

இனி அலாவுத்தீனிடம் வருவோம். பொன்னை வீசிக்கொண்டே நடந்த அவர் பதாயூனை அடைந்தபோது 56,000 குதிரை வீரரும் 60,000 காலாட்களும் அவர் பின்னால் திரண்டிருந்தனர் என்கிறார் பரனீ. மறைந்த சுல்தானின் அமீர்கள் ஆளுக்கு இருபது, முப்பது, ஐம்பது மணங்குப் பொன் பெற்றுக்கொண்டு கட்சி மாறினார்கள். அவர்களுடைய வீரர்களுக்குத் தலைக்கு 300 தங்கா கிடைத்தது.

ஆட்சி உறுதிப்பட்டதும் அலாவுத்தீன் செய்த முதற் காரியங்களில் ஒன்று, காசு வாங்கிக்கொண்டு பழைய எசமானரைக் கைவிட்ட அந்த அமீர்களையே சிறைப்பிடித்து, கொடுத்த பொன்னையும் அவர்களுடைய சொத்தையும் பறித்துக்கொண்டதாகும். பொன் வாங்காமல் நின்ற மூவர் மட்டுமே தப்பினார்கள். காசுக்கு வந்தவன் காசுக்கே போவான் என்பதை விலை கொடுத்து வாங்கியவரைவிட நன்கறிந்தவர் யார்?

அடுத்து வந்தது மங்கோலியரின் படையெடுப்பு. 1299இல் குத்லுக் குவாஜா தில்லியின் வாயில்வரை வந்தான். 1303இல் தர்கி என்பவன் தில்லியை முற்றுகையிட்டான். சித்தூர்ப் போரிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த சுல்தான், சீரி என்னுமிடத்தில் அகழி வெட்டிக்கொண்டு அடைபட்டுக் கிடந்தார். ஏறத்தாழ இரண்டு திங்கள் கழித்து மங்கோலியர் தாமாகவே திரும்பிச் சென்றார்கள். நகரம் பிழைத்தது, ஆனால் சுல்தானின் உறக்கம் போயிற்று.

பெரும்படை வேண்டும். அதற்குச் சம்பளத்தை நிலமானியமாகத் தராமல் கருவூலத்திலிருந்து ரொக்கமாகத் தரவேண்டும். ஒரு குதிரையுடன் வரும் வீரனுக்கு ஆண்டுக்கு 234 தங்கா என்று அவர் வரையறுத்தார். குதிரைகளுக்குச் சூடு போட்டு அடையாளமிடப்பட்டது. வீரர்களின் அங்க அடையாளங்கள் பதிவேட்டில் எழுதப்பட்டன. ஒருவனுக்குப் பதில் இன்னொருவன் வந்து நிற்பதும், நல்ல குதிரையைக் காட்டிவிட்டு நொண்டிக் குதிரையில் போருக்கு வருவதும் அத்தோடு நின்றன.

மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதிய பிரிஷ்தா இப்படையின் தொகை 4,75,000 என்கிறார். அதை 234ஆல் பெருக்கினால் ஆண்டுக்குப் பதினொரு கோடித் தங்காவுக்கு மேல் ஆகிறது. எண்ணிக்கை மிகையாகவே இருக்கட்டும். பாதி என்று கொண்டாலும் எந்தக் கருவூலம் தாங்கும்? இருக்கும் செல்வம் ஐந்தாறு ஆண்டுகளில் தீர்ந்துவிடும் என்று ஆலோசகர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். அப்படியானால் குறைந்த சம்பளத்தில் வீரன் எவ்வாறு குடும்பம் நடத்துவான்? பண்டங்களின் விலை குறைந்தால் நடத்தலாம் என்பது விடையாயிற்று. புகழ்பெற்ற அலாவுத்தீனின் சந்தைச் சட்டங்கள் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவை.

கோதுமை மணங்குக்கு 7½ ஜீத்தல், பார்லி 4 ஜீத்தல், நெல் 5 ஜீத்தல், கடலை 5 ஜீத்தல் என்று விலை கட்டப்பட்டது. ஒரு தங்காவுக்கு 48 ஜீத்தல் என்று கொண்டால், வீரன் தன் மாதச் சம்பளமான 19½ தங்காவுக்கு நூற்றிருபது மணங்குக்கு மேல் கோதுமை வாங்கலாம். (அன்றைய மணங்கு பிற்கால மணங்கைவிடச் சிறியது என்பதை நினைவில் கொள்க.) முதல் தரக் குதிரை 100 முதல் 120 தங்கா, இரண்டாம் தரம் 80 முதல் 90, மூன்றாம் தரம் 65 முதல் 70 என்று குதிரைக்கும் விலை வைத்தார்கள். போர்வீரனின் தொழிற்கருவி குதிரை. அதன் விலை ஏறினால் 234 தங்கா எம்மூலைக்குக் காணும்?

தானியச் சந்தைக்கு மாலிக் கபூல் தலைவரானார். துணிகளுக்கென 'சராயே அத்ல்' என்ற அங்காடி பதாயூன் வாயிலருகே எழுந்தது. ஒற்றர்கள் நாள்தோறும் விலை நிலவரத்தைச் சுல்தானுக்கு நேரே அறிவித்தார்கள். எடை குறைத்த வணிகனின் உடலிலிருந்து குறைந்த அளவுக்குச் சதை அறுக்கப்பட்டது என்றும் எழுதியிருக்கிறார்கள். படிக்கும்போதே மெய் நடுங்குகிறது.

ஆனால் கத்தியால் மட்டும் கோதுமை மலிந்துவிடவில்லை. யமுனைக்கும் கங்கைக்கும் இடைப்பட்ட நிலத்தில் விளைச்சலில் பாதி வரியாக வாங்கப்பட்டது. சுல்தானின் நேரடி நிலங்களில் அது தானியமாகவே பெறப்பட்டுத் தில்லிக் களஞ்சியங்களில் குவிக்கப்பட்டது. மழை பொய்த்த ஆண்டில் களஞ்சியம் திறக்கப்பட்டது. ஆளுக்கு அரை மணங்கு என்று அளந்து கொடுத்தார்கள். வறட்சியிலும் விலை ஏறவில்லை என்று பரனீ வியக்கிறார். சட்டத்தின் பின்னால் வாள் நின்றது உண்மை. வாளின் பின்னால் களஞ்சியம் நின்றது என்பதும் உண்மை. அக்களஞ்சியத்தின் பின்னாலோ, விளைச்சலில் பாதியை இழந்த உழவன் நின்றான். தில்லி வீரன் மலிவாக உண்ட சோற்றின் விலையைச் செலுத்தியவன் அவனே.

காஜி சொன்ன விடை

இக்கட்டத்தில்தான் பரனீயின் நூலில் மறக்கவொண்ணாத ஓர் உரையாடல் வருகிறது. பயானாவைச் சேர்ந்த காஜி முகீசுத்தீனை அழைத்துச் சுல்தான் சில மார்க்க வினாக்கள் கேட்டார். அவற்றுள் ஒன்று: தாம் அரசராவதற்கு முன்னர், தம் சொந்த முயற்சியால் தேவகிரியிலிருந்து கொண்டுவந்த செல்வம் தம்முடையதா, பைத்துல்மாலுக்கு உரியதா?

தம் முடிவு நெருங்கிவிட்டது என்று நினைத்தே காஜி விடை கூறினார். அச்செல்வம் இஸ்லாமியப் படையின் வலிமையால் வந்தது; படையின் வலிமையால் வந்தது எதுவோ அது பொதுக் கருவூலத்திற்கே உரியது; தனி ஒருவராகச் சென்று முறையான வழியில் ஈட்டியிருந்தால் மட்டுமே அது சுல்தானுக்குச் சொந்தமாகும் என்றார்.

சுல்தான் விடவில்லை. பொதுக் கருவூலத்தில் தமக்கும் தம் மனைவி மக்களுக்கும் எவ்வளவு பங்கு என்று கேட்டார். நேர்வழி நின்ற கலீபாக்களைப் பின்பற்றுவதாயின், சாதாரணப் போர்வீரன் ஒருவனுக்கு நிர்ணயித்த அதே 234 தங்காவை எடுத்துக்கொள்ளலாம். நடுவழியை நாடினால் பெரிய அமீர்களுக்குத் தருமளவு எடுத்துக்கொள்ளலாம். உலக அறிஞர்களின் சலுகைத் தீர்ப்பைக் கேட்டால் அதற்கு மேலும் சிறிது எடுக்கலாம். அதற்கும் அப்பால் எடுத்தால் மறுமையில் பதில் சொல்லவேண்டிவரும். இவ்வாறு காஜி தெளிவுபடுத்தினார்.

சுல்தான் சினந்தார். என் வாளுக்கு நீர் அஞ்சவில்லையா என்று கேட்டார். அவை கலைந்தது. காஜி வீட்டுக்குப் போய்க் குடும்பத்தாரிடம் விடைபெற்றுக்கொண்டு மறுநாள் அரண்மனைக்கு வந்தார். கிடைத்தது மரணம் அன்று. சால்வையும் 1,000 தங்காவும். தம் ஆணைகள் மார்க்கத்திற்கு ஒத்தவையா இல்லையா என்பதைத் தாம் அறியார் என்றும், நாட்டின் நலனுக்கு எது தேவையோ அதைச் செய்வதாகவும் கூறிச் சுல்தான் அவரை அனுப்பிவைத்தார்.

இந்த உரையாடலின் ஆழத்தை எண்ணிப் பாருங்கள். பணத்தையும் அதிகாரத்தையும் படைதான் ஈட்டித் தருகிறது என்பதைக் காஜியும் மறுக்கவில்லை, சுல்தானும் மறுக்கவில்லை. அவ்வாறு ஈட்டியது யாருடையது என்பதில்தான் வேறுபட்டார்கள். என் வாள், ஆகவே என் பொன் என்றார் சுல்தான். பலருடைய வாள், ஆகவே எல்லாருடைய பொன் என்றார் காஜி. தம் காசுகளில் 'இரண்டாம் சிக்கந்தர்' என்று பொறித்துக்கொண்ட ஒரு மன்னரிடம், உமக்கும் உம் படைவீரனுக்கும் பங்கு ஒன்றே என்று சொல்ல ஒருவர் இருந்தார். சொன்னபின் உயிரோடும் இருந்தார். அலாவுத்தீனின் ஆட்சியில் அவருடைய வெற்றிகளைவிடப் போற்றத்தக்கது இதுவென்றே சொல்லத் தோன்றுகிறது.

1316 ஜனவரியில் அலாவுத்தீன் மறைந்தார். அவர் மகன் குத்புத்தீன் முபாரக் ஷாவின் காலத்திலேயே சந்தைச் சட்டங்கள் சரிந்தன. விலைகள் தத்தம் போக்கில் ஏறின. ஒரு மனிதரின் கண்ணும் கத்தியும் காத்து நின்ற ஒழுங்கு, அந்த மனிதரோடு மண்ணுக்குள் போயிற்று.

நகைப்புக்கு ஆளான நாணயம்

தமிழ்நாட்டில் முறைகேடான ஆட்சியைச் சுட்ட 'துக்ளக் தர்பார்' என்ற தொடர் இன்றும் வழங்குகிறது. சுல்தான் முஹம்மது பின் துக்ளக் (ஆட்சி 1325-1351) மேடைகளில் நகைச்சுவைப் பாத்திரமாகிவிட்டார். அந்த நகைப்புக்குப் பெரிதும் காரணமானது அவர் வெளியிட்ட செப்பு நாணயம்.

ஹிஜ்ரி 730 முதல் 732 வரை (1329-1332) பித்தளையிலும் செம்பிலும் காசுகள் அடித்து, அவற்றை வெள்ளித் தங்காவுக்கு ஈடாகக் கொள்ளவேண்டும் என்று அவர் ஆணையிட்டார். காரணம் எளிது. மீண்டும் படைதான். குராசானை வெல்வதற்கென 3,70,000 குதிரை வீரர்களைப் பதிவு செய்து ஓராண்டுச் சம்பளம் கொடுத்தார். இரண்டாம் ஆண்டு கொடுக்கப் பணமில்லாமல் படை கலைந்தது என்று பரனீ எழுதுகிறார். இதையும் செப்பு நாணயத்தையும் அவர் அடுத்தடுத்து வைத்தே பேசுகிறார். உலகை வெல்லும் ஆசைக்குத் தில்லியின் வெள்ளி போதவில்லை.

அந்தக் காசுகளில் பொறித்த வாசகங்கள் கருதத்தக்கவை. நம்பிக்கையுள்ள அடியான் முஹம்மது துக்ளக்கின் காலத்தில் செல்லுபடியாகும் தங்காவாக முத்திரையிடப்பட்டது என்று பாரசீகத்தில் ஒரு வாசகம். சுல்தானுக்குக் கீழ்ப்படிந்தவன் ரஹ்மானுக்கே கீழ்ப்படிந்தவன் என்று அரபியில் மற்றொன்று. அதிகாரமுடையோருக்குக் கட்டுப்படுமாறு கூறும் திருமறை வசனமும் சில காசுகளில் இடம் பெற்றது. வெள்ளிக்காசுக்கு இத்தகைய உபதேசம் தேவைப்படுவதில்லை. அதன் எடையே பேசிவிடும். தன்னுள் மதிப்பில்லாத காசுதான் கீழ்ப்படிதலைக் கேட்டு நிற்கிறது.

விளைவு நாம் அறிந்ததே. வீடுகள்தோறும் அக்கசாலை ஆயிற்று என்கிறார் பரனீ. கள்ளக்காசுகளைக் கொண்டே வரி கட்டினார்கள். குதிரையும் ஆயுதமும் அவற்றைக் கொண்டே வாங்கினார்கள். சுல்தானின் படையை வளர்க்கப் பிறந்த காசு, சுல்தானுக்கு எதிரானவர்களின் படையை வளர்க்கலாயிற்று. தூர நாட்டு வணிகரோ அதைத் தொடவும் மறுத்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழவேண்டும். சுல்தானிடம் வாள் இல்லையா? பெரும் படை வைத்திருந்தவர். தண்டனை வழங்குவதில் சற்றும் தயங்காதவர். இருந்தும் அக்காசு ஏன் நடக்கவில்லை? செம்பை வெள்ளி என்று வாங்கச்செய்ய வாளால் முடியும். எல்லாரும் அச்சடிக்கக்கூடிய காசை அரசன் மட்டுமே அடிக்கும்படி காப்பதற்கு வாள் மட்டும் போதாது. அதற்குப் பிறர் பின்பற்ற முடியாத தொழில் நுட்பமும், விழிப்பான அக்கசாலையும், அளவறிந்து வெளியிடும் அடக்கமும் தேவை. அவை மூன்றும் இல்லை.

இது தில்லிக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1294இல் ஈரானை ஆண்ட மங்கோலிய மன்னன் கைகாத்து, சீனத்தைப் பார்த்துத் தப்ரீஸ் நகரில் 'சாவ்' என்னும் காகிதப் பணத்தை வெளியிட்டான். அதில் கலிமாவும் அச்சிடப்பட்டிருந்தது. வாங்க மறுப்பவனுக்கு மரண தண்டனை என்று பறையறைந்தார்கள். மக்கள் கடைகளைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நகரில் உணவு கிட்டவில்லை. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் சாவ் மறைந்தது. பூட்டிய கடையை எந்த வாளாலும் திறந்து வாணிபம் நடத்தச் செய்ய முடியவில்லை. சீனத்தில் குப்லாயின் காலத்தில் அதே காகிதம் புழங்கியது. ஆனால் செலவுக்குச் செலவு அச்சடித்துத் தள்ளிய பின்வந்தோர் காலத்தில் அங்கும் அது மதிப்பிழந்தது. 1368இல் அம்மரபே வீழ்ந்தது.

இனி, துக்ளக்கைப் பார்த்து நகைப்பவர்கள் சொல்லாமல் விடும் பகுதிக்கு வருவோம். திட்டம் தோற்றது என்று கண்டதும் சுல்தான் என்ன செய்தார்? செப்புக்காசைச் செல்லாது என்று அறிவித்துவிட்டு மக்களின் தலையில் நட்டத்தைக் கட்டியிருக்கலாம். அதிகாரம் படைத்தோர் வழக்கமாகச் செய்வது அதுதான். அவரோ, செப்பைக் கருவூலத்தில் கொடுத்துப் பொன்னும் வெள்ளியும் பெற்றுச் செல்லுங்கள் என்று ஆணையிட்டார். நல்லதும் கள்ளதும் கலந்து வந்து குவிந்தன. துக்ளகாபாதில் அவை மலைபோல் குவிந்து கிடந்தன என்கிறார் பரனீ. கருவூலம் வற்றியது, கொடுத்த வாக்கு நின்றது.

தில்லி சுல்தான்களின் காசுகளை ஆராய்ந்து 1871இல் பெருநூல் வெளியிட்ட எட்வர்ட் தாமஸ், முஹம்மது பின் துக்ளக்கை நாணயம் அடிப்போரின் இளவரசர் என்று போற்றினார். செப்புக்காசுக்குப் பின்னரும் அவருடைய பொன்னும் வெள்ளியும் மதிப்போடு புழங்கின. நகைக்கத்தக்க பிழை செய்தவர் என்று அவரைச் சொல்லுங்கள்; தவறில்லை. பிழையின் விலையைக் குடிமக்களிடம் வாங்காமல் தாமே செலுத்தியவர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

மதுரையில் மாறிய பெயர்

வாக்கைக் காத்த சுல்தானால் நாட்டைக் காக்க முடியவில்லை. தமிழகத்தின் மதுரையைத் தலைமையாகக் கொண்ட மஅபர் பகுதி, 1323ஆம் ஆண்டளவில் தில்லியின் ஆட்சிக்குள் வந்திருந்தது. 1334-35இல் அங்கு அதிகாரியாக இருந்த சையித் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா தில்லியை உதறிவிட்டுத் தாமே சுல்தானானார். இவர் மகளைத்தான் இப்னு பதூதா தில்லியில் மணந்திருந்தார்.

அஹ்ஸன் ஷா செய்த முதற் செயல் தம் பெயரில் பொன்னும் வெள்ளியும் அடித்ததுதான். தாம் நபிகளாரின் வழிவந்தவர், ஏழை எளியோரின் தந்தை, ரஹ்மானின் உதவியில் நம்பிக்கை வைத்தவர் என்று அக்காசில் பொறித்தார் என்று அவருடைய மருமகனே எழுதி வைத்திருக்கிறார்.

சுல்தான் தாமே படையுடன் தெற்கே புறப்பட்டார். வாரங்கல்லை அடைந்தபோது கொள்ளைநோய் பாசறையைத் தாக்கியது. படையில் பெரும்பகுதி அழிந்தது. சுல்தானும் நோயுற்றுத் திரும்பினார். அந்தப் படை மதுரையை அடையவேயில்லை. ஆகவே தில்லியின் காசும் மதுரைக்கு மீண்டும் வரவில்லை. வாள் எவ்வளவு தூரம் நீளுமோ அவ்வளவு தூரமே முத்திரையின் ஆணை நீளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

ஆனால் வாள் மட்டுமே கொண்டு எழுந்த மதுரை அரசின் கதி என்னாயிற்று? 'ஏழை எளியோரின் தந்தை' ஐந்தாண்டுகளில் கொல்லப்பட்டார். அவருடைய அமீர்களில் ஒருவர் அரியணை ஏறி ஓராண்டில் போரில் மாண்டார். அடுத்தவர் நாற்பதே நாட்களில் கொலையுண்டார். அதன்பின் வந்த கியாஸுத்தீன் தாமகானி, கைதிகளையும் பெண்களையும் குழந்தைகளையும் வதைத்ததை நேரில் கண்ட இப்னு பதூதா, அவருடைய உறவினராக இருந்தும், மனம் பொறாது கடிந்து எழுதுகிறார். 1370ஆம் ஆண்டை ஒட்டி விசயநகர இளவரசர் குமார கம்பணரின் படை மதுரையில் புகுந்தது. மதுரைச் சுல்தான்களின் கடைசிக் காசு ஹிஜ்ரி 779ஐத் (1377-78) தாங்கி நிற்கிறது. அரை நூற்றாண்டு நிறையுமுன் எல்லாம் முடிந்தது.

தில்லியிலோ, வாள் தளர்ந்தபோது முஹம்மது பின் துக்ளக் வேறொரு துணையைத் தேடினார். ஹிஜ்ரி 741 முதல் (1340-41) காசுகளிலிருந்து தம் பெயரை எடுத்துவிட்டு, எகிப்திலிருந்த அப்பாஸியக் கலீபா அல்முஸ்தக்பீயின் பெயரைப் பொறித்தார். அந்தக் கலீபாவோ மம்லூக் சுல்தானால் நாடு கடத்தப்பட்டு 1340இலேயே மறைந்துவிட்டவர். செய்தி தில்லிக்கு எட்டவில்லை. உயிரோடிருந்தபோதும் தமக்கென ஒரு வாள் இல்லாத ஒருவரின் பெயர், அவர் மறைந்த பின்னும் தில்லியின் பொற்காசுகளில் ஒளிவிட்டது! கலீபாவின் அங்கீகாரம் 1343-44இல் வந்து சேர்ந்தது, கலகங்கள் நிற்கவில்லை. 1347இல் தக்காணத்தில் பாமினி அரசு பிறந்தது. 1351இல் கலகக்காரன் ஒருவனைத் துரத்திச் சென்ற வழியில், தட்டாவுக்கு அருகே, சுல்தானின் வாழ்வு முடிந்தது.

இரு பொருள் தரும் ஒரு சொல்

இப்னு கல்தூன் அரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஆராய்ந்தபோது, ஓர் ஆட்சி தொடங்கும்போதும் முடியும்போதும் வாளின் துணை மிகுதியாகத் தேவைப்படுகிறது, நடுப்பகுதியில் எழுதுகோலே மிகுதியாகப் பணி செய்கிறது என்று கண்டார். அரசுக்குப் படை வேண்டும், படைக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு நாடு செழிக்கவேண்டும், நாடு செழிக்க நீதி வேண்டும் என்ற பழைய ஈரானிய அறிவுரையையும் எடுத்தாண்டார். இந்தச் சங்கிலியின் முதற் கண்ணியை எல்லா அரசர்களும் பிடித்துக்கொண்டார்கள். கடைசிக் கண்ணியைப் பிடித்தவர் சிலரே. அலாவுத்தீனுக்கு அதை எடுத்துக்காட்ட ஒரு காஜி தேவைப்பட்டார்.

இன்று நம் பையிலிருக்கும் ரூபாய்த்தாள், மதிப்பில் துக்ளக்கின் செப்பைவிட எளியது, வெறுங் காகிதம். அதன்மேல் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையொப்பமிட்ட வாக்குறுதி ஒன்று இருக்கிறது. 1971 ஆகஸ்டில் அமெரிக்கா தன் டாலரைப் பொன்னாக மாற்றித் தரும் பொறுப்பை உதறிய பிறகு, உலகப் பணம் முழுவதுமே அரசுகளின் சொல்லை நம்பித்தான் நடக்கிறது. துக்ளக் கனவு கண்டது இன்று நடைமுறை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரி வாங்கும் அதிகாரமும், அதைக் காக்கும் படையும் நிற்பதை யாரும் மறுக்க இயலாது. ஆனால் படை எவ்வளவு பெரிதாயினும், சொல் தவறிய அரசின் தாளை உழவனும் வணிகனும் மெல்ல மெல்லக் கைவிட்டு, பொன்னையும் பண்டத்தையும் நாடுவார்கள். தப்ரீஸின் பூட்டிய கடைகள் அதைத்தான் சொல்கின்றன.

நம் தமிழில் 'நாணயம்' என்ற சொல் காசையும் குறிக்கும். வாக்குத் தவறாத நேர்மையையும் குறிக்கும். வாளால் முதற்பொருளைப் படைத்துவிடலாம். இரண்டாம் பொருளைக் காக்கத் தவறினால் முதற்பொருளும் கையில் நிற்பதில்லை. ஆட்சியில் அமர்வோர் தங்கள் படைக்கலக் கொட்டிலை எண்ணிப் பார்ப்பதற்கு முன்னர், அந்த 234 தங்காவை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.